சூடு ஆறாத கட்டில்

அத்தியாயம் 19

கவியா வீட்டுக்குத் திரும்பியபோது அவள் கையில் ஆளுயர அலுமினியக் குழாய் ஒன்று இருந்தது. சுங்குவார்சத்திரத்து ஹார்டுவேர் கடையில் வாங்கி, ஷேர் ஆட்டோவின் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டே மண்ணூர் வரை வந்திருந்தாள். தோள் வலித்தது.

வலியை அவள் பொருட்படுத்தவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் மயிலாப்பூரில் காட்சி திறக்கிறது. மாமனார் கன்னியப்பன் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு மத்தியானம் வேனோடு வந்துவிடுவார். இந்தக் குழாயில்தான் அவளுடைய ஒட்டுப்போர்வை தொங்கப்போகிறது.

தெற்கேயிருந்து வந்து, ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் லைனில் வேலை பார்க்கிறவள் கவியா. யூனிட்டில் கழித்த சீட் துணி, ரெக்ஸின் துண்டுகள், சாயம் போன யூனிஃபார்ம்கள் எல்லாவற்றையும் பழைய துணிக்காரரிடம் வாங்கி, வீட்டுக்கு வந்து தைத்தாள். ஒரு கட்டிலின் அளவு. அதில் படுத்திருக்கும் மூன்று பெண் உருவங்கள்.

காட்சியை நடத்தும் ஜீவானந்தம் போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்தும்மா வந்தது?"

போன வாரம் அந்தக் கேள்விக்குக் கணவன் மோகன் முந்திக்கொண்டான். "மூன்று பருவங்கள் சார். வெயில், மழை, பனி. அதான் பேரும்."

கவியா மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தது ஒரு வாரமாக அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வந்துட்டியா கண்ணு?" மாமியார் மரகதம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கைய கழுவிகினு வா. ஒன்னாண்ட ஒண்ணு காட்டணும்."

நடு அறையில் பாய் விரித்து அதன்மேல் போர்வை விரிந்து கிடந்தது. பக்கத்தில் நூல்கண்டு. அதில் குத்தி வைத்த கோணி ஊசி.

கவியா குழாயைச் சுவரில் சாய்த்தாள்.

"எல்லாம் பாத்து பாத்து தச்சிகீற, அங்கங்க தொறந்து உட்டுட்டியே? உருவம் உருவமா கீறதுக்கு ஓரத்துல அப்டியே கிழிஞ்சு கெடக்குது. அவசரத்துல உட்டுட்ட போலன்னு நான் ஒக்காந்து மூட்டிட்டேன். ரெக்ஸினு, சின்ன ஊசி எறங்கல. கோணி ஊசிலதான் குத்துனேன். பாரு, நூல் நெறம் கூட தெரியாது."

மரகதம் முகத்தில் பெருமை. சபைக்குப் போகிற பொருள் கிழிசலோடு போகக்கூடாது என்று காலையிலிருந்து முதுகை வளைத்து உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

கவியா மண்டியிட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு உருவம் முடிந்து இன்னொரு உருவம் தொடங்கும் இடங்களில் தலைமுடி வகிடு மாதிரி நீளநீளமாக அவள் திறந்து விட்டிருந்தாள். விளிம்புக்கு ரெக்ஸின் பட்டை வைத்துத் தைத்துத்தான் விட்டிருந்தாள். பின்னாலிருந்து வெளிச்சம் வருவதற்காக.

அத்தனை வகிடும் மூடியிருந்தது. நெருக்கமான, உறுதியான, நல்ல தையல்.

"இன்னா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?"

கவியா ஒவ்வொரு வகிடாகத் தடவிக்கொண்டே போனாள். ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

மரகதத்தின் முகத்திலிருந்து பெருமை மெல்ல இறங்கியது. "கெடுத்துட்டனா?"

"அது கிழிசல் இல்ல அத்தை."

"பின்ன?"

கவியா பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தாள். முதல் தையலுக்கு அடியில் நுனியை நுழைத்தாள். "பிரிக்கணும். எல்லாத்தையும் பிரிக்கணும்."

"தச்சதே நல்லா கீதே?"

"நல்லாத்தான் தச்சிருக்கிய. ஆனா அது நடந்தது இல்ல. அந்த மூணு பேரும் ஒரு நாளும் ஒண்ணா சேந்து இருந்ததே இல்ல."

"எந்த மூணு பேரு? மோகன் மய, வெயிலுன்னு சொன்னானே?"

சொல்லிவிட வேண்டிய இடம் இதுதான் என்று கவியாவுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே நடந்திருக்கிறாள். வகிடு எதற்கு என்று சொல்லாமல் இந்தத் தையலைப் பிரிக்க முடியாது.

"இது பருவம் இல்ல அத்தை. கட்டில். நான் சுங்குவார்சத்திரத்துல படுத்த கட்டில்."

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தியே, ஒங்க சித்தி வூட்டு கட்டிலா?"

"எனக்கு அங்கன சித்தியே கெடையாது."

மரகதம் ஊசியை எடுத்து நூல்கண்டில் மறுபடியும் குத்தினாள். ஏற்கெனவே குத்தியிருந்த ஊசிதான்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தேன். கட்டில் கொறச்சல், ஆளு கூட. ஒரு கட்டிலுக்கு மூணு பேரு, மூணு ஷிப்டு. நான் எந்திரிச்சதும் முப்பிடாதி படுப்பா. அவ எந்திரிச்சதும் இன்னொருத்தி. அந்த இன்னொருத்தி வேலைக்குப் போனப்பொறம் நான் வந்து படுப்பேன். எங்க மூணு பேருக்கும் வேற வேற கம்பெனி. கட்டில் மட்டும் ஒண்ணு."

"அப்ப அந்த கட்டிலு எப்பதான் காலியா இருக்கும்?"

"இருக்கவே இருக்காது. எப்பம் போய்ப் படுத்தாலும் சூடாத்தான் இருக்கும்."

கவியா ஒரு நூலை இழுத்து வெளியே எடுத்தாள்.

"நீல யூனிஃபார்ம் துணி நான். ரோஸ் கலர் முப்பிடாதி. அவ வந்து படுக்க என்னைய எழுப்புவா, அன்னைக்கு அவ்வளவுதான் பழக்கம்; இப்பம் போன்ல பேசிக்கிடுவோம். அந்தா, கவுந்து படுத்திருக்காளே, காடாத்துணியில, அவள நான் ஒரு நாள் கூட பாத்ததில்ல. என்ன யூனிஃபார்ம்னே தெரியாது. அதான் கலர் வைக்கல. தலகாணில ஒரு பள்ளம் இருக்கும். கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சின எண்ணெ வாசம் இருக்கும். அவ்வளவுதான் அவ."

"பேரு?"

"கேக்கல. ஒரு நா வந்து படுத்தேன், மெத்த சில்லுன்னு இருந்துது. அவ ஹாஸ்டல விட்டே போய்ட்டா. அன்னைக்கு எனக்கு ஒறக்கமே வரல அத்தை. அவ இருந்தா அப்டிங்கறதே அன்னைக்குத்தான் எனக்கு ஒறச்சுது."

மரகதம் காடாத்துணி உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கவிழ்ந்த தலை. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது.

"லைன்ல நான் தைக்கது யாரு உக்காரப்போற சீட்டுன்னு தெரியாது. அவங்க உக்காருத வடிவம் மட்டும் தெரியும். ஒரு நா தச்சிட்டிருக்கும்போது அந்தத் தலகாணிப் பள்ளம் ஞாபகம் வந்துது. வடிவம் இருக்கு, ஆளு இல்ல. அன்னைக்கே இத ஆரம்பிச்சிட்டேன்."

மரகதத்தின் புருவம் நெறிந்தது.

"கல்யாணத்துல தாம்பாளம் புடிச்சிகினு வந்தாங்களே, ஒரு குண்டம்மா. சித்தின்னு?"

"வார்டன்."

"அடிப்பாவி! அவளுக்கு நான் எவர்சில்வர் தூக்கு வெச்சு குடுத்தேனே!"

கவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம் சிரிக்கவில்லை. ஆனால் கூடத்து மாடத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, போர்வையின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"எங்கருந்து பிரிக்கணும், சொல்லு."

பிரிக்கப் பிரிக்கத்தான் கவியா பயந்தது வெளியே வந்தது. துணியில் தையலைப் பிரித்தால் தடம் மறைந்துவிடும். ரெக்ஸின் அப்படியல்ல. ஒருமுறை ஊசி இறங்கினால் துளை துளைதான். லைனில் ஒரு தையல் பிசகினால் அந்த உறையையே கழித்துப் போடுவார்கள். வகிடுகள் திறந்தன. அவற்றின் இரண்டு கரையிலும் கோணி ஊசியின் ஓட்டைகள் வரிசையாக நின்றன.

"ஓட்ட ஓட்டையா கீதே," என்றாள் மரகதம் ஈனக்குரலில்.

"இருக்கட்டும்."

"மூடறதுக்கு வழி இல்லியா?"

"இல்ல அத்தை. பிரிங்க."

பாதி பிரித்திருந்தபோது வாசலில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. கன்னியப்பனின் அக்கா பாஞ்சாலி. மாவு மிஷினுக்கு வந்தவள், தூக்கு வாளியோடு அப்படியே உள்ளே வந்தாள்.

மரகதத்தின் கத்தரிக்கோல் நின்றது. கவியா தலை நிமிரவில்லை. பாஞ்சாலியின் மகனுக்குப் பார்த்த பெண்ணை, அவள் ஹாஸ்டலில் இருந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று சொன்னது இந்தப் பாஞ்சாலிதான். அதற்குப் பயந்துதான் மோகன் கவியாவுக்கு ஒரு சித்தியை உண்டாக்கினான்.

"இன்னா மரகதம், மாமியாரும் மருமவளும் எதிரும் புதிருமா ஒக்காந்துகினு? இன்னாது இது?" பாஞ்சாலி குனிந்து பார்த்தாள். "அய்ய! மூணு பொணம் மாதிரி இல்ல படுத்துகினு கீது!"

"தூங்கறாங்க அண்ணி."

"யாரு?"

கவியா வாயைத் திறந்தாள். அதற்குள் மரகதம் முந்திக்கொண்டாள்.

"கவியா. அப்பறம் கவியா கட்டில்ல படுத்த ரெண்டு பொண்ணுங்க. மூணு பேருக்கு ஒரு கட்டிலு. ஹாஸ்டல்ல."

"யாரு ஹாஸ்டல்ல?"

"என் மருமவதான்."

பாஞ்சாலி தூக்கு வாளியைக் கீழே வைத்தாள். "சித்தி வூட்லன்னு சொன்னீங்க?"

"சொன்னாங்க. நானும் இப்பதான் கேட்டுக்கினேன்."

"அப்ப கண்டவ படுத்த எடத்துல படுத்து எழுந்தவளையா நம்ம வூட்டுக்கு..."

"அண்ணி." மரகதம் குரலை உயர்த்தவில்லை. "சிங்கப்பூர்ல ஒன் புள்ள எங்க படுக்கறான்?"

"அவன் கம்பெனி ரூம்ல."

"ஒரு ரூம்ல மேலயும் கீழயும் பரண் மாதிரி கட்டிலு போட்டு கீதுன்னு நீதான போன்ல காட்டுன? பகல்ல ஒருத்தன், ராவுல ஒருத்தன்னு. காட்டிட்டு அழுதியே? அவன் படுத்தது மட்டும் பட்டு மெத்தையா?"

"அவன் ஆம்பள புள்ள!"

"கட்டிலுக்கு தெரியுமா ஆம்பள, பொம்பள? வேலக்கி போய்ட்டு வந்தவங்க படுத்தாங்க. அவ்ளோதான்."

பாஞ்சாலி போர்வையை இன்னொரு முறை பார்த்தாள். இந்த முறை குனியாமல், நின்றபடியே, கொஞ்ச நேரம். பிறகு வாளியை எடுத்துக்கொண்டாள்.

"இத ஊருக்கே காட்ட போறீங்களா?"

"மயிலாப்பூருக்கு," என்றாள் கவியா. "நீங்களும் வாங்க பெரியம்மா. வேன்ல எடம் இருக்கு."

பாஞ்சாலி படி இறங்கினாள். தெருமுனை வரை அவள் செருப்பு தேய்ந்துகொண்டே போனது.

அப்போதுதான் ஜீவானந்தத்திடமிருந்து போன் வந்தது. "கவியா, பெயர் அட்டை அச்சுக்குப் போகுது. 'மூன்று பருவங்கள்' தானே?"

கவியா மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் நூலைப் பிடுங்குவதிலேயே கண்ணாக இருந்தாள். அனுமதி தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அது தன் வேலை இல்லை என்பதுபோல் இருந்தது.

"இல்ல சார். 'சூடு ஆறாத கட்டில்'. மூணு ஷிப்டுல மூணு பேர் படுத்த ஒரே ஹாஸ்டல் கட்டில். அதுல ஒருத்தி நான். அத அப்டியே போட்டுருங்க."

"இதைத்தான் நான் அன்னைக்குக் கேட்டேன்," என்றார் அவர்.

கவியா அதே வரிகளை மோகனுக்கும் அனுப்பினாள். அவன் ஷிப்டில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

கடைசித் தையலைப் பிரித்து முடித்தபோது வேன் ஹாரன் கேட்டது. "நானும் வரேன்," என்று சேலை மாற்றப் போனாள் மரகதம்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கவியாவின் போர்வைக்குக் கொடுத்த இடம் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு முன்னால். கன்னியப்பன் ஸ்டூலில் ஏறிக் குழாயை மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கி, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"நேராத்தான கீது?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோர் கண்ணும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னல் திரையை ஜீவானந்தம் விலக்கியிருந்தார்.

வெயில் வகிடுகளின் வழியே வந்தது. நீலத்துக்கும் ரோஸுக்கும் நடுவே ஒரு நெருப்புக் கோடு. ரோஸுக்கும் காடாத்துணிக்கும் நடுவே இன்னொன்று. கவியா மனதில் பார்த்தது இதைத்தான். மனதில் பார்க்காதது ஒன்றும் அதில் இருந்தது. ஒவ்வொரு கோட்டின் இரண்டு கரையிலும் கோணி ஊசியின் துளைகள் சின்னச்சின்னப் புள்ளிகளாக எரிந்தன. யாரோ அவர்களைச் சேர்க்கப் பார்த்தது போல. சேர்க்க முடியாமல் கையை எடுத்துக்கொண்டது போல.

"அய்ய, எல்லா ஓட்டையும் தெரிதே!" மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் புள்ளிகள் போட்டோவில் இல்லையே?" என்றார் ஜீவானந்தம்.

"இன்னைக்குக் காலைல வந்தது சார். எங்க அத்தை போட்டது."

"எதுக்கு?"

"கிழிஞ்சிருக்குன்னு நெனச்சிட்டாவ."

அவர் சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். "அட்டையில் அவங்க பேரும் வரணுமே?"

"எம்பேரா?" மரகதம் பதறினாள். "நான் கெடுத்ததுக்கா?"

"ஆமா அத்தை," என்றாள் கவியா. "கெடுத்ததுக்குத்தான்." அட்டையை வாங்கி, தன் பெயருக்குக் கீழே பேனாவால் மரகதத்தின் பெயரை எழுதினாள்.

கூட்டம் வரத் தொடங்கியது. குழாயின் ஒரு முனை லேசாகச் சரிந்திருப்பதைக் கவியா கவனித்தாள். சரிசெய்யப் போர்வைக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வகிடு வழியே கூடம் கீற்றாகத் தெரிந்தது.

அந்தக் கீற்றில் மோகன் வந்து நின்றான்.

கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான். அவள் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. அட்டையைப் படித்தான். அவன் மனைவியின் பெயர், அம்மாவின் பெயர், ஹாஸ்டல் கட்டில். மறுபடியும் படித்தான். அவன் முகத்தில் எதையும் படிக்க அவளால் முடியவில்லை.

கவியா குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வெளியே போய் அவன் எதிரில் நிற்கலாம். ஆனால் அவளைப் பார்த்ததும் அவன் என்ன சொல்வான் என்பதைவிட, அவள் இல்லாதபோது என்ன சொல்வான் என்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். கீற்றில் அவள் தோளும் பின்னலும் மட்டும் தெரிந்தன.

"இத யாரு தச்சதுன்னு தெரியுமாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மோகன் கழுத்து அட்டையின் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என் வொய்ஃப்," என்றான். பிறகு, யாரோ அவனைத் திருத்தியது போல, கொஞ்சம் சத்தமாக, "அந்த நீலத் துணில கீறவங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஹாஸ்டல்ல இருந்தாங்க. எங்க வூட்ல நான்தான் மறைச்சேன். அவங்க மறைக்கல."

கவியா பிடித்திருந்த குழாய் சமனுக்கு வந்தது.

"கவுந்து படுத்திருக்கறது யாருங்க?"

"தெரியாது. அவங்களுக்கே தெரியாது. பாத்ததே இல்லன்னு அப்பவே என்னாண்ட சொன்னாங்க."

அந்தப் பெண்ணின் கை நீண்டு வந்தது. காடாத்துணி உருவத்தின் தலைக்கு அடியில், தலையணைப் பள்ளம் இருக்கும் இடத்தில், இரண்டு விரல்கள் மெல்ல அழுத்தின. போர்வை கவியாவின் பக்கமாகப் புடைத்தது.

நேற்று முப்பிடாதி இந்தப் போர்வையின் படத்தையும் காட்சி நடக்கும் இடத்தையும் பழைய ஹாஸ்டல் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருப்பதாகச் சொன்னது கவியாவுக்கு நினைவு வந்தது.

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். வகிடு வழியாக வெயில் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதே வகிடு வழியாக, உள்ளே, கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வாசம் வந்தது.